வாடகையா, கரண்ட் பில்லா: நெல்லையில் பசுமை அலுவலகக் கட்டடம் யாருக்குக் கட்டுபடியாகும்?

தெற்கு பைபாஸ் சாலையிலோ வண்ணார்பேட்டையிலோ அலுவலக வாடகைக்கென்று மூன்று தளம் எழுப்ப நினைப்பவர் முன்னால் இன்று மூன்று வழி இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் ஏசிபி (இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே வேறு அடுக்கு வைத்த) தகடும் ஒட்டி வழக்கம்போல் கட்டிவிடுவது ஒன்று. சான்றிதழ் பக்கமே போகாமல் வெயிலையும் தண்ணீரையும் கணக்குப் பார்த்துக் கட்டுவது இன்னொன்று. ஐஜிபிசி, கிரிஹா, எட்ஜ் என்று ஏதாவது ஒரு பசுமைச் சான்றிதழ் வாங்கிவிடுவது மூன்றாவது. எது லாபம் என்று கேட்டால் சென்னையில் சொல்லும் பதில் இங்கே பொருந்தாது.

வாடகை ஊருக்கு ஊர் மாறும். கரண்ட் யூனிட் விலை தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். 2,000 சதுர அடித் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெல்லையில் சதுர அடி 30 ரூபாய் என்று வைத்தால் மாத வாடகை 60,000. அதே தளம் சென்னையில் 75 ரூபாய்க்குப் போனால் 1,50,000. உள்ளே ஒன்றரை டன் ஏசி பத்து, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு ஊரிலும் மாதம் 3,000 யூனிட்டை ஒட்டி இழுக்கும். வணிக இணைப்புக்கு யூனிட் பத்து ரூபாயை ஒட்டி வருகிறது. ஆக பில் 30,000. கட்டடம் சரியாக இருந்து அதில் கால்பங்கு குறைந்தால் மிச்சம் 7,500 ரூபாய். சென்னை வாடகையோடு ஒப்பிட்டால் அது 5 சதவீதம், நெல்லை வாடகையோடு ஒப்பிட்டால் 12.5 சதவீதம். வாடகைக்கு வருபவருக்கு நல்ல கட்டடத்தின் மதிப்பு நெல்லையில்தான் கூடுதல். உரிமையாளருக்கோ நேர் எதிர். சிமென்டும் கம்பியும் இங்கே பாதி விலைக்குக் கிடைப்பதில்லை, வாடகை மட்டும் பாதிக்கும் கீழே. போட்ட பணத்தை எடுக்க அவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடிக்கும்.

இரு தரப்பின் மனநிலையும் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பதுதான். "பில்லு அவங்கல்லா கட்டுதாங்க, நமக்கென்ன?" என்பார் கட்டடக்காரர். "மூணு வருசத்துல காலி பண்ணிருவோம், அவரு கட்டடத்துக்கு நாம எதுக்குத் துட்டு போடணும்?" என்பார் வாடகைக்கு இருப்பவர். இரண்டு பேர் சொல்வதிலும் தப்பில்லை. செலவு ஒருவர் கையிலிருந்து போகிறது, மிச்சம் இன்னொருவர் கைக்கு வருகிறது.

வருமான வரியும் உரிமையாளரை இந்தப் பக்கம் தள்ளுவதில்லை. வாடகை வருமானத்தை வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்டுபவருக்கு 30 சதவீதக் கழிவு நிரந்தரம். கூரைக்கு நாலு லட்சம் செலவழித்தாலும் அதே 30, ஒன்றுமே செய்யாவிட்டாலும் அதே 30. கடன் வாங்கிச் செய்தால் வட்டிக்குக் கழிவு உண்டு, அவ்வளவுதான். தொழில் வருமானம் காட்டும் வாடகைதாரரோ தான் பொருத்தும் ஏசிக்கும் சோலாருக்கும் தேய்மானம் எழுதலாம். எதை யார் வாங்கிப் பொருத்துவது என்று பேசும்போது ஆடிட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

யார் எதைக் கேட்பார்கள்

வாடகைதாரர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. கோர்ட்டை ஒட்டி அறை தேடும் வக்கீல், இரண்டு ஏசி வைத்திருக்கும் ஆடிட்டர் ஆகியோரின் பில் மாதம் ஐயாயிரம், ஆறாயிரம். கால்பங்கு குறைந்தாலும் ஆயிரத்து சொச்சம். இவர்களிடம் பசுமைக் கட்டடம் என்று சொல்லி வாடகை கூட்டவே முடியாது. அவர்கள் பார்ப்பது பார்க்கிங்கும் தூரமும்தான். நீட், டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையங்கள் வேறு ரகம். ஒரு அறையில் அறுபது பேர், காலை முதல் இரவு வரை ஏசி. வாடகைக்குப் பாதியாகப் பில் வரும். இவர்களுக்குக் கணக்கைக் காட்டினால் உடனே புரியும், ஆனால் நீண்ட ஒப்பந்தம் போட மாட்டார்கள். அடுத்த வருடச் சேர்க்கையைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வார்கள்.

வங்கிக் கிளை, இன்சூரன்ஸ், நகைக்கடன் நிறுவனம் ஆகியவற்றுக்கு முடிவெடுப்பது தலைமை அலுவலகம். வாடகையைக் கார்ப்பெட் ஏரியாவுக்குத்தான் (சுவர் போக உள்ளே புழங்கும் பரப்புக்கு) தருவார்கள், நெடுநாள் இருப்பார்கள், ஏடிஎம் அறை ஏசி 24 மணி நேரமும் ஓடும். பங்குச்சந்தையில் மதிப்பில் முதல் 1,000 இடத்தில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் தங்கள் மின்சாரம், தண்ணீர், கழிவுக் கணக்கை, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு சொன்ன படிவத்தில் வெளியிட வேண்டும். அதனால் கிளை மேலாளர் கேட்காவிட்டாலும் மேலிடத்திலிருந்து யூனிட் கணக்கு கேட்டுக் கடிதம் வரும். கவனிக்க வேண்டியது, அவர்கள் கேட்பது யூனிட் கணக்கு. சுவரில் மாட்டும் சான்றிதழ் இல்லாமலே அது நடக்கும். தளத்துக்கு ஒரு மீட்டர், லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் தனி மீட்டர் இருந்தால் வேலை முடிந்தது.

2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது? தாமிரபரணி கரைமீறி ஜங்ஷனும் கொக்கிரகுளமும் மூழ்கியபின், தரைத்தளத்தில் மீட்டர் பலகையும் ஜெனரேட்டரும் வைத்த கட்டடத்தை விவரம் தெரிந்தவர்கள் தொடத் தயங்குகிறார்கள். பசுமைச் சான்றிதழ்ப் பட்டியலில் இதற்கு எத்தனை புள்ளி என்பதைவிட, பலகையை அந்த வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றிவைப்பது முக்கியம்.

கண்ணாடி முகப்பு

சாலையிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும், சீக்கிரம் ஆள் வரும். இதன் பலம் அவ்வளவுதான், ஆனால் அது சின்னப் பலம் இல்லை. காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் உரிமையாளருக்கு 60,000 நட்டம். பிரச்சினை இரண்டாவது கோடையில் தொடங்கும். சாதாரணத் தெளிந்த கண்ணாடி, மேலே விழும் வெயில் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். வாடகைதாரர் முதலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவார், பிறகு திரை போடுவார், பிறகு பகலிலேயே விளக்கு எரிப்பார். கண்ணாடி போட்டதன் பலனே போயிற்று. திறக்க முடியாத கண்ணாடியாக இருந்தால் கரண்ட் போன அரைமணியில் உள்ளே இருக்க முடியாது, ஜெனரேட்டர் ஏசியையும் சேர்த்துத் தாங்க வேண்டும். டீசல் செலவு தனி.

இதைவிட மோசமானது ஏசிபி தகட்டுக்குப் பின்னால் அவுட்டோர் யூனிட்டுகளை ஒளித்து வைக்கும் பழக்கம். வெளியே தள்ளிய சூடான காற்றையே அவை திரும்ப இழுக்கும். 45 டிகிரி காற்றில் நிற்கும் யூனிட் கூடுதல் கரண்ட் இழுக்கும், குளிர் குறையும், மே மாதத்தில் அடிக்கடி டிரிப் ஆகும். ஏசி கம்பெனியைத் திட்டுவார்கள். குற்றம் தகட்டில் இருக்கும். அழகுதான் வேண்டுமென்றால் முன்னால் பாதிக்கு மேல் இடைவெளி உள்ள கிரில் போடலாம். ஏசிபி வாங்கினால் நெருப்புத் தாங்கும் உள்ளடுக்கு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவுத் தகட்டின் நடுவில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

சான்றிதழ் இல்லாமல், கணக்கோடு

புதுக்கட்டடம் என்றால் எங்கள் தேர்வு இதுதான். புதிதாகக் கட்டும்போது இதற்குப் பெரிய கூடுதல் செலவு கிடையாது. முழுக் கண்ணாடி முகப்பைவிடச் சுவரும் ஜன்னலும் விலை குறைவு. அங்கே மிச்சமாவதைக் கூரைக்குப் போடலாம்.

திசையைப் பற்றி வடநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை இங்கே நம்பக் கூடாது. நெல்லை 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்கு ஜன்னலில் நண்பகல் வெயில் வராது என்பது டெல்லிக்குச் சரி. மத்திய அரசின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2017 பதிப்பும் வடக்குக் கண்ணாடிக்கான சலுகையை 15 பாகைக்கு மேலே உள்ள ஊர்களுக்கு மட்டுமே தருகிறது. நமக்கு நான்கு பக்கமும் ஒரே வரம்பு: கண்ணாடி உள்ளே விடும் வெயில் வெப்பம் 0.27 பங்குக்கு மிகக் கூடாது. 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்குக் கீழே உள்ள சின்னக் கட்டடத்துக்கு இந்த விதி பொருந்தாது என்றாலும், கண்ணாடிக் கடையில் கேட்க வேண்டிய எண் இதுதான். விலை அதிகம் என்றால் கண்ணாடியின் பரப்பைக் குறைத்து சன்ஷேடை நீட்டுங்கள். வடக்கில் ஜூன் நண்பகல் சூரியன் 75 பாகை உயரத்தில் நிற்பதால் ஒன்றரை அடி சன்ஷேடே ஐந்தடிக்கு மேல் நிழல் தரும். தெற்கில் டிசம்பர் சூரியன் 58 பாகைதான். இரண்டு அடி நீட்டினாலும் மூன்றடிச் சொச்சம்தான் மறையும்.

கிழக்கும் மேற்கும் சன்ஷேடுக்கு அடங்காது, அங்கே வெயில் தாழ்வாக வரும். மனை மேற்குப் பார்த்ததாக இல்லாவிட்டால் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை எல்லாவற்றையும் மேற்கே தள்ளிவிடலாம். சாலையே மேற்கில் இருந்தால்தான் சங்கடம். முகப்பை அடைக்க முடியாது. அடைத்தால் ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் போய்விடும். அதற்குச் செங்குத்துத் தடுப்புகள், ஒன்றரை அடி ஆழம், இரண்டடி இடைவெளி, சற்றுத் தென்மேற்காகத் திருப்பி வைத்தது போதும். பெயர்ப்பலகைக்கு முன்கூட்டியே ஒரு பட்டை ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வருகிற வாடகைதாரர் தடுப்பை அறுத்துவிட்டுப் பலகை மாட்டுவார்.

கூரைக்கு வருவோம். மே மாதம் பிற்பகலில் கறுத்த கான்கிரீட் தட்டட்டியின் (மொட்டைமாடியின்) மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். உள்ளே 26. வெறும் கான்கிரீட் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 3.5 வாட் கடத்தும். 2,000 சதுர அடி என்பது 186 சதுர மீட்டர். பெருக்கினால் 22 கிலோவாட் வெப்பம். ஆறு டன் ஏசியின் வேலை கூரைக்கே போகிறது. கான்கிரீட் மெல்லச் சூடேறுவதால் உண்மையில் சற்றுக் குறையும், ஆனால் அது மாலை நாலு, ஐந்து மணிக்குத்தான் கீழே உறைக்கும். பயிற்சி மையத்தின் மாலை வகுப்பு சரியாக அந்த நேரம். வெள்ளை எதிரொளிப்புப் பூச்சு அடித்தால் மேல்பரப்பு 45-ஐ ஒட்டி இறங்கி, இந்தச் சுமை கிட்டத்தட்டப் பாதியாகும். 75 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை பதித்து மேலே ஸ்கிரீடும் (சிமென்ட் கலவைத் தளமும்) வெள்ளைத் தட்டோடும் போட்டால் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும்.

இந்தப் பலன் மேல்தளத்துக்கு மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. தரைத்தளத்து வங்கிக்குக் கூரையால் ஒரு பைசா மிச்சம் இல்லை. எனவே கூரைச் செலவை மூன்று தளத்து வாடகையிலும் பரப்பினால் கீழே இருப்பவர் ஏற்க மாட்டார். சரியான இடம் மேல்தள வாடகை. சூட்டுக்குப் பயந்து மேல்தளம் எப்போதும் குறைந்த வாடகைக்குப் போகும், நீண்ட நாள் காலியாகவும் கிடக்கும். பூச்சுக்குச் சதுர அடி 30 ரூபாய் என்று வைத்தால் 60,000 ஆகிறது. மேல்தளத்தில் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் கூட்ட முடிந்தால் 15 மாதத்தில் கைக்கு வந்துவிடும். பழைய கட்டடம் வைத்திருப்பவர் வேறொன்றும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யலாம். பூச்சு மூன்று நான்கு வருடத்தில் மங்கும், திரும்ப அடிக்க வேண்டும். ஆடிக்காற்றுத் தூசி படிந்தாலே பாதிப் பலன் போகும். மழைக்கு முன் ஒருமுறை கழுவுவது அவசியம்.

கூரை காப்பு எங்கே தோற்கும்? பலகையில் தோற்பது அபூர்வம். வாடகைதாரர் ஆள் விட்டு டிஷ் கம்பம், ஃப்ளெக்ஸ் பலகைக் கால், அவுட்டோர் ஸ்டாண்டு என்று தட்டட்டியில் துளை போடுவார். ஐப்பசி மழையில் தண்ணீர் ஸ்கிரீடுக்குள் இறங்கி, துளையிலிருந்து பத்தடி தள்ளிச் சொட்டும். எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க முடியாமல் கொத்தனார் மொத்தத்தையும் பெயர்ப்பார். தட்டட்டியில் துளை கூடாது, எதை வைத்தாலும் கான்கிரீட் கட்டை மேல் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் இத்தனையும் வராது.

மற்றவை சுருக்கமாக. குறைந்த கரண்டில் ஓடும் 28 முதல் 35 வாட் பிஎல்டிசி மின்விசிறி போட்டு ஏசியை 23-இலிருந்து 26-க்கு ஏற்றலாம். ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய ஆற்றல் திறன் அமைப்பின் கணக்கு. அறுபது மாணவர் அறைக்கு ஸ்ப்ளிட் ஏசி மட்டும் போதாது, அது உள்காற்றையே சுற்றும். மூன்று மணிக்கு வகுப்பே தூங்கி வழிவதற்குப் பாடம் மட்டும் காரணமில்லை. வெளிக்காற்று இழுக்கும் விசிறி ஒன்று வேண்டும். குழாயில் தண்ணீர் குறைக்கும் ஏரேட்டர் நல்லதுதான், ஆனால் பாளையங்கோட்டைப் பக்கத்து உப்பான போர் தண்ணீரில் சில மாதத்தில் சுண்ணாம்பு பிடித்து அடைத்துக்கொள்ளும். கழற்றி வினிகரில் ஊறவைக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் சென்சார் குழாய் பக்கம் போகவே வேண்டாம்.

சான்றிதழ்

ஐதராபாத்தில் சிஐஐ-கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் இந்தியாவின் முதல் பிளாட்டினம் தரப் பசுமைச் சான்றிதழ் வாங்கியது; அதில் இருப்பவை முற்றம், ஜாலிச் சுவர், கூரைத் தோட்டம், காற்றுக் கோபுரம். சான்றிதழ் இல்லாமலும் இவற்றில் பலவற்றைச் செய்யலாம். சான்றிதழுக்குத் தனியாகப் பதிவுக் கட்டணம், ஆலோசகர் கூலி, கணினி மாதிரி, ஆவண வேலை என்று செலவு உண்டு. கட்டடம் சிறிதாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி குறைவதில்லை. 6,000 சதுர அடியில் பரப்பினால் கனக்கும், 60,000 சதுர அடியில் தெரியாது.

அளவு வரம்பையும் பார்க்க வேண்டும். கிரிஹா 2,500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதற்கு, அதாவது சுமார் 26,900 சதுர அடி. அதற்குக் கீழே உள்ள சின்னக் கட்டடத்துக்கு ஸ்வகிரிஹா. உலக வங்கிக் குழுமத்தின் எட்ஜ், மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பன் மூன்றிலும் 20 சதவீதம் குறைவைக் கேட்கிறது. கணக்கிடும் மென்பொருள் இலவசம் என்பதால், சான்றிதழ் வாங்காதவரும் வரைபடம் வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஐஜிபிசியில் வாடகைக் கட்டடத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. நெல்லைக்குப் பக்கத்திலுள்ள கங்கைகொண்டானில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஐடி நிறுவனத்துக்குத் தளம் தளமாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் சான்றிதழ் வாங்குங்கள், அங்கே அது நுழைவுச் சீட்டு. பெருமாள்புரத்தில் கிளினிக்குக்குக் கொடுப்பதென்றால் சான்றிதழ் வேண்டாம்.

சோலார் எந்த மீட்டரில்?

கங்கைகொண்டானில் சோலார் பேனல் தொழிற்சாலையே வந்துவிட்டது. ஆனாலும் வாடகைக் கட்டடத்தில் சோலார் என்றால் முதல் சிக்கல் மீட்டர்தான். 10 கிலோவாட்டுக்கு ஆயிரம் சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட் வீதம் மாதம் 1,200 யூனிட். இதை உரிமையாளரின் பொது மீட்டரில் இணைத்தால் லிஃப்டும் மோட்டாரும் முந்நூறு, நானூறு யூனிட்டுக்கு மேல் இழுக்காது. மீதி குறைந்த விலைக்கு மின்வாரியத்துக்குப் போகும். பிரதமரின் சூர்யா கர் மானியம் வீடுகளுக்கு மட்டும், கடைக்கட்டடத்துக்குக் கிடையாது. நீண்ட ஒப்பந்தம் உள்ள ஒரே வாடகைதாரரின் மீட்டரில் இணைப்பதுதான் கணக்குக்கு ஒத்துவரும். அவரே பேனலை வாங்கி, நடுவில் காலி செய்தால் ஆண்டுவாரியாக உரிமையாளர் தர வேண்டிய தொகையை அட்டவணையாக எழுதிக்கொள்ளலாம். மூன்று வருட வாடகைதாரர் இதில் இறங்க வேண்டாம். பேனலைப் போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைக் கறை படியும். மாநகராட்சித் தண்ணீர் பிடித்து வைத்துக் கழுவுங்கள்.

ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது

மூன்று விதமாகச் செய்கிறார்கள். பில் தனி, வாடகை தனி என்பது பழைய முறை. உரிமையாளருக்கு மேம்படுத்த எந்தக் காரணமும் இருக்காது. கரண்டும் சேர்த்து ஒரே வாடகை என்றால் உரிமையாளர் கூரைக்குச் செலவழிப்பார், வாடகைதாரர் ஏசியை 18-இல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். அதோடு 2023 அக்டோபர் 31 ஜிஎஸ்டி சுற்றறிக்கைப்படி, வாடகையோடு சேர்த்தே தரும் கரண்டுக்கும் 18 சதவீதம் வரி. வாரியத்துக்குக் கட்டியதை அப்படியே, ஒரு பைசா கூட்டாமல் தனியாக வாங்கினால் அந்த வரி வராது. கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாத கிளினிக்குக்கு இது நேரடி நட்டம்.

மிச்சத்தில் பாதிப்பாதி என்று எழுதுவது கேட்க நியாயமாக இருக்கும், நடைமுறையில் சண்டையில் முடியும். வாடகைதாரர் அடுத்த வருடம் இரண்டு ஏசி கூட்டினால் மிச்சம் எது என்று யார் சொல்வது? இதைவிட நிலையான மேம்பாட்டுத் தொகை நல்லது: எதிர்பார்க்கும் மிச்சத்தில் பாதியை ஒட்டி, சதுர அடிக்கு இரண்டு ரூபாய் என்று, இத்தனை வருடத்துக்கு என்று முடிவு வைத்து எழுதிவிடுவது. வாடகைதாரர் கணக்காகப் பயன்படுத்தினால் மீதி அவருக்கு. கூடவே ஏசி ஃபில்டர் மாதம் ஒருமுறை, அவுட்டோர் காயில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது யார் பொறுப்பு, தட்டட்டிச் சாவி யாரிடம் என்பதும் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிவதற்கு முன்பே இவை உள்ளே வந்துவிடட்டும்.

வாடகைக்கு வருபவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சர்வீஸ் நம்பரை வாங்கி, முந்தைய ஆள் இருந்த ஒரு வருடத்து யூனிட் கணக்கைப் பாருங்கள். சித்திரை, வைகாசி பில் கார்த்திகை பில்லைப்போல் இரண்டு மடங்கு என்றால் கூரையோ மேற்குச் சுவரோ ஒழுங்காக இல்லை. அனுமதித்த சுமை எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள், குறைவாக இருந்தால் கூட்டும் செலவு யாருடையது என்று அப்போதே பேசிவிடுங்கள். மேல்தளம் என்றால் காலையில் போய்ப் பார்க்காதீர்கள். மாலை நாலரை மணிக்குப் போய், மின்விசிறியைப் போடாமல் கால்மணி நேரம் உள்ளே நின்று பார்த்துவிட்டு, அதன்பிறகு வாடகை பேசுங்கள்.